நாற்பது வருடம் இதில் என்ன செய்வாள்?

கேட்டிருப்பது இது: "அக்கா மகள் எம்.எஸ்சி. புள்ளியியல் முடிக்கப் போகிறாள். இதய நோய் எபிடெமியாலஜியில் பிஎச்.டி. சேரவா என்று கேட்கிறாள். மதுரையில் எங்கள் வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. இது டாக்டர் வேலையா, கணக்கு வேலையா? வாழ்நாள் முழுக்க இதில் என்னதான் செய்வாள்?"

கணக்கு வேலைதான். எபிடெமியாலஜி என்பது ஒரு நோய் யாருக்கு, எவ்வளவு, எதனால் வருகிறது என்று ஊர் மக்களை எண்ணிப் பார்க்கும் படிப்பு. ஆனால் கணக்குப் போடுவது அதில் பாதிகூட இல்லை. யாரை எண்ணுவது, எதை மாரடைப்பு என்று எண்ணுவது, இன்று எண்ணியவரைப் பதினைந்து வருடம் கழித்து எங்கே போய்த் தேடுவது என்பதிலேயே பெரும்பகுதி காலம் போகும். நான் மதுரையில் இருந்தபடியே மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவர வேலை பார்த்தவன். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மதுரையில் மாரடைப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், ஒரு வருடம் உட்கார்ந்து வந்தவர்களை எழுதிக்கொண்டால் போதும் என்று தோன்றும். போதாது. ஒரு கட்டிலில் இருப்பவர் ராமநாதபுரத்துக்காரர், பக்கத்துக் கட்டில் தேனி, அதற்கடுத்தது சிவகங்கை. மதுரைக்காரரிலேயே காசு இருப்பவர் தனியாருக்குப் போயிருப்பார். உசிலம்பட்டிப் பக்கம் நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆம்புலன்ஸ் வருமுன்னே போனவர் எந்தக் கட்டிலிலும் இல்லை. பின்னத்தின் மேல் எண் கையில் இருக்கிறது, கீழ் எண் இல்லை. எத்தனை பேரில் இத்தனை என்று தெரியாதவரை அது வார்டின் கணக்கு, ஊரின் கணக்கு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. "மாரடைப்பு நோயாளிகளில் பாதிப்பேர் பீடி குடிப்பவர்கள்" என்று ஒரு பி.ஜி. மாணவர் தீசிஸில் எழுதுகிறார் என்று வையுங்கள். ஊரில் அதே வயது ஆண்களிலும் பாதிப்பேர் பீடி குடித்தால் அந்த வரியில் ஒன்றுமே இல்லை. மாரடைப்பு வராதவர்களையும் அதே அக்கறையோடு கேட்டிருந்தால்தான் பீடியைக் குற்றம் சொல்லலாம். இப்படி வெறும் நோயாளிகளை மட்டும் எண்ணி எழுதின தீசிஸ்கள் நம் மருத்துவக் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. முடிந்தபிறகு எக்செல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு புள்ளியியலாளரிடம் வருவார்கள். அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

இந்தக் கீழ் எண்ணை முதலில் கட்டிப்போட்ட பெரிய வேலை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் தொடங்கியது. முப்பதிலிருந்து அறுபத்திரண்டு வயது வரையான 5,209 பேரைச் சேர்த்தார்கள். சேரும்போது அநேகமாக யாருக்கும் மாரடைப்பு வந்திருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு ரத்த அழுத்தம், கொழுப்பு, இ.சி.ஜி., சிகரெட் பழக்கம் எல்லாம் குறித்துக்கொண்டு, அப்புறம் காத்திருந்தார்கள். காத்திருப்பதுதான் ஆய்வே. 1971இல் அவர்களின் பிள்ளைகளையும், 2002இல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பு, அதைத் தொடவேண்டாம் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை உடைந்ததில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அதே மாதிரி ஒன்றைச் செக்கானூரணிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஆரம்பித்தால் என்ன ஆகும்? அங்கேதான் இந்த வேலையின் உண்மையான முகம் தெரியும்.

முதல் தொல்லை, ஆளைத் திரும்பக் கண்டுபிடிப்பது. ஒரே தெருவில் மூன்று பாண்டியம்மாள் இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரில் இனிஷியல், பின்னால் கணவர் பெயரில். ரேஷன் கார்டில் பாண்டியம்மாள், ஆதாரில் பாண்டியம்மா, வாக்காளர் பட்டியலில் வயது ஆறு கூடுதல். கருப்பசாமி என்று கேட்டால் "எந்தக் கருப்பசாமி?" என்பார்கள். பட்டப்பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அதனால் நல்ல களக்குழு ஃபார்மில் பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் போட்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பருக்கு ஒரு கட்டம். ஆள் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போயிருந்தால் பொங்கலுக்கும், மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடவும் வருவார். களப்பணி நாட்காட்டியை ஊரின் நாட்காட்டியோடு பொருத்தத் தெரியாதவர் பாதிப்பேரைத் தவறவிடுவார்.

தவறவிட்டால் என்ன, இருப்பவர்களை வைத்துக் கணக்குப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், வழியும் இருக்கிறது. பாதியில் காணாமல் போனவர் எத்தனை வருடம் நம் கண்ணில் இருந்தாரோ அதுவரைக்கும் அவரைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறையைக் கப்லானும் மையரும் 1958இல் எழுதினார்கள். 1972இல் டேவிட் காக்ஸ் அதை இன்னும் வெகுதூரம் கொண்டுபோனார். இன்று இதய ஆய்வு எதைத் திறந்தாலும் காக்ஸ் பெயர் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரு நிபந்தனை உண்டு: காணாமல் போனவர்கள் இருப்பவர்களிலிருந்து உடல்நிலையில் மாறுபட்டவர்களாக இருக்கக்கூடாது. நம் ஊரில் இது அடிக்கடி பொய்த்துவிடும். நெஞ்சுவலி வந்த பெரியவரை மகன் சென்னைக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறார். திருப்பூரில் வேலை பார்த்தவர் உடம்பு முடியாமல் ஊருக்கே திரும்பி வருகிறார். ஆக, இடம் மாறுவதே நோயால்தான். கணினிக்கு இது தெரியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவருக்குத் தெரியும்.

இரண்டாவது தொல்லை, எதனால் இறந்தார் என்பது. வீட்டில் நடந்த சாவில் காரணத்தை எழுத டாக்டர் இருப்பதில்லை. மாரடைப்பு என்று பொதுவாக எழுதிவிடுவார்கள், எந்தச் சாவிலும் கடைசியில் இதயம் நிற்கத்தானே செய்கிறது. அதனால் சில மாதம் கழித்து அந்த வீட்டுக்கே போய்க் கேட்கவேண்டும். "ராத்திரி நெஞ்சு கரிக்குதுன்னாரு. வாயுன்னு நெனச்சுச் சோடா வாங்கிக் குடுத்தோம். விடியறதுக்குள்ள போயிட்டாரு" என்று அந்த அம்மா சொல்வார். நாம் அங்கேயே "மாரடைப்பு" என்று எழுதிவிட்டு எழுந்திரிக்கக்கூடாது. வியர்த்துக் கொட்டியதா? வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறியதா? அதற்குமுன் மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுவதாகச் சொல்லியிருக்கிறாரா? ஒரு பக்கம் கை கால் இழுத்ததா? இழுத்திருந்தால் அது பக்கவாதம், வேறு கணக்கு. வெளியில் சொல்ல விரும்பாத சாவுகளும் நெஞ்சுவலி என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் அழ வைக்காமல், அவசரப்படுத்தாமல் கேட்டு, நடந்ததை நடந்தபடி அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும். காரணம் என்ன என்று அதைப் படித்து முடிவு செய்வது டாக்டர்கள்.

தமிழ்நாட்டில் இந்த முறையை மிகப் பெரிய அளவில் செய்தவர் சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமி. ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோவோடு சேர்ந்து, 1990களின் பிற்பாதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் நடந்த சுமார் 80,000 பெரியவர்களின் சாவுகளை வீடு வீடாக விசாரித்தார்கள். வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். அதன் தொடர்ச்சியாக 2003இல் வந்த கட்டுரைதான் பீடியும் சிகரெட்டும் நம் ஊர் ஆண்களைக் காசநோயாலும் இதய நோயாலும் எப்படிச் சாகடிக்கின்றன என்று எண்ணிக்கையோடு காட்டியது. உங்கள் அக்கா மகள் படிக்கவேண்டிய முதல் கட்டுரை எது என்று கேட்டால் நான் இதைத்தான் கொடுப்பேன். கணக்கு அதில் எளிமையாகத்தான் இருக்கும்.

அழுத்தம் பார்ப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். எந்தக் களப்பதிவேட்டையும் புரட்டுங்கள்: 120/80, 130/90, 120/80, 140/90. எல்லாம் பூஜ்யத்தில் முடியும். பாதரசம் 138இல் இருந்தாலும் 142இல் இருந்தாலும் கை 140 என்றே எழுதும். நோய் என்று சொல்லும் எல்லையே 140 என்பதால், இந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கானவர்களை எல்லைக்கு இந்தப்பக்கமோ அந்தப்பக்கமோ தள்ளிவிடும். லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற எபிடெமியாலஜிஸ்ட் இதற்காகவே 1964இல், அளப்பவருக்கு அளவு எவ்வளவு என்று உடனே தெரியாதபடி ஒரு கருவியை வடிவமைத்தார். இன்றைக்கு எண்ணியல் கருவி வந்துவிட்டது. ஆனாலும் டேட்டா வந்தவுடன் கடைசி இலக்கத்தை எண்ணிப் பார்ப்பது நல்ல புள்ளியியலாளரின் முதல் வேலை.

இப்போது கணக்குக்கு வருவோம். அதற்கு ஜெரோம் கார்ன்ஃபீல்டு என்ற மனிதரைச் சொல்லவேண்டும். "டாக்டரா இல்லாம இதுல மேல வர முடியுமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால் இவர் பெயரைச் சொல்லுங்கள். டாக்டர் இல்லை, பிஎச்.டி. இல்லை, கல்லூரியில் படித்த இளங்கலைப் பட்டம் வரலாற்றில். தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு 1947இல் அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களுக்கு வந்தார். பின்னாளில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்துக்கே தலைவரானார்.

ஃப்ரேமிங்ஹாமில் அவருக்கு முன் இருந்த சிக்கல் இது. வயது, கொழுப்பு, அழுத்தம், எடை, சிகரெட், இ.சி.ஜி., ஹீமோகுளோபின் என ஏழு சங்கதிகள். ஒவ்வொன்றையும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகப் பிரித்துக் கட்டம் போட்டால், மூன்றை ஏழு தடவை பெருக்கி 2,187 கட்டங்கள். ஆய்வில் சேர்ந்த ஆண்களே 2,336 பேர்தான். கட்டத்துக்கு ஓர் ஆள்! அவருக்கு மாரடைப்பு வந்தால் நூறு சதவீதம், வராவிட்டால் பூஜ்யம். கட்டம் போடுவதையே விட்டுவிட்டு, எல்லாச் சங்கதிகளையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, ஒவ்வொன்றும் ஆபத்தை எவ்வளவு ஏற்றுகிறது என்று பிரித்தெடுக்கும் வழியை அவர் 1962இல் கொழுப்புக்கும் அழுத்தத்துக்கும் காட்டினார். 1967இல் ஜீன் ட்ரூயெட், வில்லியம் கேனல் இருவரோடும் சேர்ந்து ஏழுக்கும் செய்தார். இன்று டாக்டர் உங்கள் வயதையும் கொழுப்பையும் தட்டிவிட்டு "பத்து வருஷத்துல இவ்வளவு சதவீதம் வாய்ப்பு" என்கிறாரே, அதன் மூலம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் சமன்பாடு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. சந்தேகப்படத் தெரியவேண்டும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லண்டன் பஸ். ஜெர்ரி மாரிஸ் குழு 1953இல் வெளியிட்டது: மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட இதய நோய் குறைவு. ஒரே கம்பெனி, ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பங்கள், உழைப்பு மட்டும் வேறு. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்பதற்கு முதல் பெரிய சான்று அது.

நம் பெரியார் நிலையத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் மாடி கிடையாது என்றாலும், கூட்டத்தில் முன்னும் பின்னும் நசுங்கிப் போய் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே சரியென்று படும். அங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். டிரைவர் வேலைக்கு வருபவரே ஆரம்பத்திலிருந்து பருமனானவராக இருந்தால்? மாரிஸ் குழுவே இதைக் கேட்டுக்கொண்டது. கம்பெனி ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. 1956இல் அதையும் வெளியிட்டார்கள். தங்கள் பெயரை உலகறியச் செய்த முடிவின்மேல் தாங்களே ஒரு கேள்விக்குறி போட்டார்கள். தபால்காரர், குமாஸ்தா என்று வேறு தொழில்களிலும் அதே போக்கு இருக்கிறதா என்று முதல் கட்டுரையிலேயே பார்த்திருந்தார்கள். தையல்காரர் கணக்கில் ஆதாரம் தேடும் அந்த மூளைதான் இந்தத் தொழிலுக்கு வேண்டும். அது பாடத்திட்டத்தில் கிடைக்காது.

நம் ஆட்களைப் பொறுத்தவரை செய்யவேண்டியது நிறையக் கிடக்கிறது. ஃப்ரேமிங்ஹாம் மக்கள் அநேகமாக எல்லோருமே ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தச் சமன்பாட்டை அப்படியே மதுரைக்காரருக்குப் போட்டால் யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்ற வரிசை ஓரளவு சரியாக வரும், சதவீதம் தவறும். பெங்களூரில் மருத்துவம் படித்துக் கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் 52 நாடுகளில் நடத்திய இண்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத அதே அளவு பேரையும் ஒப்பிட்டது. புகை, கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் போன்ற ஒன்பது விஷயங்களே உலகம் முழுக்க மாரடைப்பின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றது. அதே டேட்டாவில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53, மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்பே. 'நம்ம ரத்தமே அப்படி' என்று சொல்பவர்களுக்கு ஒன்று: அந்த முந்தல் பெரும்பாலும் இந்த ஒன்பது விஷயங்களும் நம்மிடம் இளவயதிலேயே வந்துவிடுவதால்தான் என்பது அந்த ஆய்விலேயே இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.க்காரர்கள் 1990களின் தொடக்கத்தில் நகரத்திலும் கிராமத்திலும் எடுத்த சர்வேயை 2010-12இல் அதே பகுதியில் திரும்ப எடுத்தார்கள். சர்க்கரையும் எடையும் ஏறியிருந்தன. இப்படி ஒரே இடத்துக்குத் திரும்பிப் போகும் வேலைக்கு நம்மிடம் பணமும் பொறுமையும் குறைவு. தென் மாவட்டங்களுக்கு வீடு வீடாகப் போகும் சர்வே புதிதல்ல. 1990களில் அரவிந்த் கண் மருத்துவமனை மூன்று தென் மாவட்டங்களில் 50 இடங்களைத் தேர்ந்தெடுத்து நாற்பது வயது தாண்டிய 5,150 பேரின் கண்ணைப் பரிசோதித்தது. கண்ணுக்குச் செய்ததை இதயத்துக்கும் செய்யலாம், ஆனால் இதயத்துக்கு ஒரு தடவை போனால் போதாது, வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. நல்ல திட்டம். ஒரு புள்ளியியலாளர் அதைப் பார்த்தவுடன் கேட்பது வேறு: மாத்திரை வாங்கியவரில் எத்தனை பேர் முழுங்கினார்கள், எத்தனை பேருக்கு அழுத்தம் இறங்கியது, ஐந்து வருடத்தில் அந்த ஒன்றியத்தில் சாவு குறைந்ததா? அதோடு ஜெஃப்ரி ரோஸ் 1985இல் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மாரடைப்பில் பெரும்பங்கு மிக அதிக ஆபத்துள்ள சிலரிடமிருந்து வருவதில்லை, நடுத்தர ஆபத்துள்ள பலரிடமிருந்து வருகிறது. மாத்திரைக்காரர்களை மட்டும் எண்ணினால், கருவாடும் ஊறுகாயும் அப்பளமுமாக எல்லா வீட்டிலும் சேரும் உப்பு கணக்கிலேயே வராது.

இனிப் பிழைப்பு. மறைக்காமல் சொல்கிறேன். பிஎச்.டி. காலத்திலும் அதற்குப் பின் சில வருடங்களும் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலை. நிதி இருக்கும்வரை சம்பளம், வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். கல்யாணப் பேச்சில் "பெர்மனென்ட்டா?" என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். மருந்துக் கம்பெனிகளுக்கு ஆய்வு நடத்திக்கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு. 'சாஸ்' மென்பொருள் தெரிந்தவருக்கு அங்கே சம்பளம் நன்றாகவே கிடைக்கும், ஆனால் கேள்வி அவளுடையதாக இருக்காது. அது தாழ்வான வேலை இல்லை, வேறு வேலை. கட்டுரைகளில் புள்ளியியலாளர் பெயர் நடுவில் எங்கோ வரும், முதல் பெயரும் கடைசிப் பெயரும் டாக்டர்களுடையது. இது மெல்ல மாறுகிறது. கேட்டு வாங்குபவர்களுக்குச் சீக்கிரம் மாறுகிறது.

இடம் என்று பார்த்தால் வேலூர் சி.எம்.சி.யின் உயிர்ப்புள்ளியியல் துறை, சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் மூன்றும் மதுரையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் இருக்கின்றன. பணம் கொடுத்து மென்பொருள் வாங்கவேண்டாம், 'ஆர்' இலவசம். அதைவிட முக்கியம், சேருமுன் ஒரு மாதமாவது ஏதாவது சர்வே குழுவோடு கிராமத்துக்குப் போய் ஃபார்ம் நிரப்பட்டும். வெயிலும் பூட்டின கதவும் பிடித்திருந்தால் சேரட்டும். பிடிக்கவில்லை என்றால் புள்ளியியலிலேயே நல்ல வேறு வழிகள் இருக்கின்றன, யாரும் குறை சொல்லப் போவதில்லை.

வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது ஆய்வுத் தலைப்பைப் பற்றி அதிகம் கேட்கவேண்டாம் என்று சொல்லுங்கள். ஆய்வில் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், அதில் இன்றைக்குத் தொடர்பில் இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்களுக்குக் காரணம் எழுதியது யார், டேட்டா எவர் கையில் இருக்கிறது, நிதி எந்த வருடம் முடிகிறது, இதுவரை அங்கே பிஎச்.டி. செய்த புள்ளியியல் மாணவர்கள் எத்தனை கட்டுரையில் முதல் பெயராக இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். இரண்டாவது கேள்விக்கு அவர் எண்ணைச் சொல்லாமல் "கிட்டத்தட்ட எல்லாருமே" என்று சொன்னால் வேறு இடம் பார்க்கலாம்.